நல்லெண்ணெய் பாட்டில் எழுத்து

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. எழுத்து வரையும் பழக்கம் மட்டும் உண்டு. கதை, கவிதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவாக இருந்தால் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், ஏதோ சமாளித்துவிடலாம். இவர் ஆங்கில 'ஆர்' ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குக் கால் வரைவார். சாயங்காலம் வந்து, "இப்ப நிக்குது பாரு" என்பார். காலையிலும் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், செல்போன் செயலிகளுக்குத் திரையும் பட்டனும் வடிவமைப்பது. ஆபீசில் ஒரே மாதிரி வழவழப்பான எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், வீட்டுக்கு வந்ததும் மூங்கில் பேனாவும் மையும் எடுத்துவிடுவார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் சாப்பிட்டதே இல்லை. அங்கே எழுத்துகள் காய்ந்துகொண்டிருக்கும், நாங்கள் தரையில் உட்கார்ந்து தின்போம்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு புதிய எழுத்துரு. புதிது என்று சொன்னால் கோபம் வரும். பழசு மாதிரி இருக்கிற புதிது. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் ஒரு சின்னக் கால் இருக்கும், அதற்குச் செரிஃப் என்று பெயராம். அந்தக் காலின் நுனி அவரைக்கொடி மாதிரிச் சுருண்டிருக்கும். எழுத்தின் வயிற்றுக்குள் மெல்லிய கோடுகள். ஓரங்களில் அங்கங்கே மை பிடிக்காமல் விட்டுப்போன மாதிரிப் பொக்கை. அந்தப் பொக்கையையும் லென்ஸ் வைத்து உட்கார்ந்து வரைவார். நூறு வருஷப் பழசு மாதிரி, கையால் செய்த மாதிரி இருக்கவேண்டுமாம்.

"கையாலதான செய்றீங்க? அப்புறம் இன்னா கையால செஞ்ச மாதிரி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உனக்குப் புரியாதும்மா," என்றார்.

ஆறு வருஷம் இப்படிப் போனது. யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கவில்லை. ஆங்கிலத்தை முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார், தமிழில் 'கூ' வரை வந்து அந்தச் சுழியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எனக்கே பாவமாகப் போய், ஒருநாள் அந்த எழுத்துகளை உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தன. எங்கேயோ பார்த்த மாதிரி, நம் வீட்டு ஆள் மாதிரி. பார்த்தவுடன் அடுப்படி வாசனை அடித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், அடித்தது.

நான் அம்பத்தூரில் பிறந்தவள். அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டினார், மிச்ச நேரத்தில் குடித்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஈரலைக் கரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அம்மா ஊறுகாய் போட்டு, கூடையில் வைத்து, கம்பெனி கேட் கேட்டாக விற்று என்னைப் படிக்கவைத்தது. படித்து நான் திருமழிசையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். அந்தக் கம்பெனி ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அம்மாவின் கைப்பக்குவத்தில் மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் என்று போட்டு, எங்கள் அடுக்குமாடியில் இருந்த பெண்களுக்குக் கொடுத்தேன். ஐடி வேலைக்கு வந்து ஊர் ருசிக்கு ஏங்கிக் கிடந்த ஜனம், நன்றாகவே வாங்கினார்கள்.

எனக்கு ஒரே ஆசை. எனக்கென்று ஒரு ஷட்டர், அதன் சாவி என் இடுப்பில். நாற்பது வயது வரைக்கும் யாரோ திறந்த கதவுக்குள் போய் வணக்கம் வைத்தாயிற்று. இந்தக் கடை நின்றால் நான் நிற்பேன், இல்லையென்றால் மறுபடி எவனாவது ஒரு மேனேஜருக்கு வணக்கம் வைக்கவேண்டும்.

எங்கள் அடுக்குமாடியை ஒட்டிய கரையான்சாவடி மெயின் ரோட்டில் மெத்தைக் கடை பாய் ஒருத்தர், பக்கத்தில் தன்னுடைய இன்னொரு கடையைப் பூட்டி வைத்திருந்தார். கேட்டதும் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"தப்பான யாவாரம் மட்டும் கூடாதும்மா. நாலு பேர் மதிக்கிற எடம் இது."

"ஊறுகா பாய். இதுல இன்னா தப்பு கீது?" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

போர்டு விஷயத்தில் என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். மனிதர் கல்யாணம் ஆன நாளிலிருந்து எதற்கும் அடம் பிடித்ததில்லை, இதற்குப் பிடித்தார். கரும்பச்சை மரப்பலகை, அதில் தங்க நிறத்தில் அவருடைய எழுத்து. 'மதர் அண்ட் டாட்டர்' என்று ஆங்கிலத்தில். தமிழில் வேண்டும் என்றேன். தமிழில் 'கூ'வுக்கு மேல் இன்னும் வரவில்லை என்றார். புதுப் பலகையை வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீ டிகாஷன் ஊற்றி, அதைப் பழசாக்கினார். பழைய பலகையே வாங்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "அது நெஜப் பழசு, இந்த அழகு வராது" என்று பதில்.

"சரி, கீழ ஊறுகான்னாச்சும் எழுதுங்க."

"வெளியவே எல்லாத்தையும் கொட்டக்கூடாதும்மா. உள்ள வந்தா தெரியப்போகுது."

நானும் விட்டுவிட்டேன். அந்த எழுத்து என்னை மயக்கியிருந்தது. வியாழக்கிழமை போர்டை மாட்டினோம், அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு. அடுக்குமாடியில் யாருக்கும் சொல்லவில்லை, திறக்கிற அன்றைக்குக் கூப்பிட்டு அசத்தலாம் என்று வைத்திருந்தேன். அம்மா அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று போர்டைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. "இன்னாம்மா, எப்படி கீது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியது. மெட்ரோ தூண் வேலையில் கிளம்புகிற தூசி என்று நினைத்தேன்.

மறுநாளே விசாரிக்க ஆள் வர ஆரம்பித்தது. நான் உள்ளே அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருத்தர் பாதி ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டினார்.

"அக்கா, எப்போ தொறக்கிறீங்கோ?"

"வர்ற வெள்ளிக்கெழம."

"எத்தினி மணிக்கு?"

"காலைல ஒம்போதுக்கு."

"காலைலயேவா!" மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "தெய்வம்க்கா நீ. உள்ள உக்காந்து சாப்பிட எடம் கீதா?"

"உக்கார எடமெல்லாம் இல்லப்பா, பார்சல்தான்."

"அது போதும்க்கா, அது போதும்."

ஊறுகாய் மேல் இவ்வளவு பக்தியா என்று எனக்குப் பூரிப்பு. அரசாங்க மதுக்கடை மத்தியானம்தான் திறக்கும் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவே இல்லை. வீட்டுக்குப் போய், "கட தொறக்கறதுக்கு முன்னாடியே கூட்டம்ங்க" என்று பெருமை அடித்தேன். அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எழுத்தாம், எழுத்து இழுக்கிறதாம்.

சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடி வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. போட்டவர் சங்கத்துச் செயலாளர் அக்கா. கோயம்புத்தூர்க்காரர், கணவர் ஐடி, இவர் முழுநேரப் பொதுநலம். 'நம்ம மெயின் ரோட்டில் புது மதுக்கடை வருகிறது. பெண்கள், குழந்தைகள் நடக்கிற பாதை. நாளைக் காலை பத்து மணிக்கு எல்லோரும் கேட்டில் கூடவும். திறப்பதற்கு முன்பே விரட்ட வேண்டும்.' கூடவே ஒரு படம். நான் மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன், கை முழுக்க மிளகாய்த் தூள். படத்தைத் திறக்கவில்லை. செய்தியை என் வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். அவரும் படத்தைப் பார்க்கவில்லை, 'கூ' வரைந்துகொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ. மதுக்கடை என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அப்பா வாசல்படியில் விழுந்து கிடப்பது தெரியும். போனை வாய்க்கு நேரே பிடிக்கச் சொல்லி, குரல் பதிவு அனுப்பினேன்.

"நம்ம ரோட்டுல ஒயின்ஷாப்பா? வுடவே கூடாதுக்கா! எவன் வெக்கிறான்னு பாக்கிறேன். போர்டப் புடுங்கி ரோட்ல போட்டாத்தான் அடங்குவானுங்க. நான் முன்னாடி வரேன், எல்லாரும் என் பின்னாடி வாங்க!"

இருபது, முப்பது கைதட்டல்கள் வந்து விழுந்தன. செயலாளர் அக்கா, 'இவங்கதானுங்க சிங்கப்பெண்' என்று போட்டார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

ஞாயிறு காலை கிளம்பினோம். நான் முன்னால். அட்டையில் எழுதிய வாசகங்கள், ஒரு சின்ன ஒலிபெருக்கி, தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. 'மூடு, மூடு, மதுக்கடையை மூடு' என்று நான் கத்த, பின்னால் எல்லோரும் கத்தினார்கள். மெயின் ரோட்டில் திரும்பியபோது, நம் கடைப் பக்கம்தானே போகிறோம், அந்தப் பாழாய்ப்போன மதுக்கடை நம் கடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. குரலை இன்னும் உயர்த்தினேன். மெத்தைக் கடையைத் தாண்டி நான் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறேன், பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஒட்டுமொத்தக் கூட்டமும் என் கடை வாசலில் நின்று, என் போர்டைப் பார்த்து முஷ்டியை உயர்த்திக்கொண்டிருக்கிறது.

"எங்க போறீங்க? இதானுங்க கடை," என்றார் செயலாளர் அக்கா.

அண்ணாந்து பார்த்தேன். கரும்பச்சை, தங்கம், சுருண்ட கால்கள், வயிற்றுக்குள் கோடுகள். அந்த ஒரு நிமிஷத்தில் என் கண்ணில் ஏதோ விலகியது. அட கடவுளே, பிராந்தி பாட்டில். அச்சு அசல் பிராந்தி பாட்டிலின் நெற்றியில் ஒட்டியிருக்கிற சீட்டு. ஊரில் எவனுக்கும், எவளுக்கும், தள்ளுவண்டிக் குழந்தைக்கும்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர.

"இது... இது என் கடைங்க," என்றேன்.

"எது?"

"என் கடைதான். ஊறுகா கடை."

செயலாளர் அக்கா ஒலிபெருக்கியை மெதுவாகக் கீழே இறக்கினார். "ஏனுங்க, நீங்கதானுங்களே முன்னாடி நின்னு மூடு மூடுன்னு கத்துனீங்க?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே வரிசையாக என் ஊறுகாய்கள். சில பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், ஊறுகாயை முன்னால் வைத்துப் பின்னால் எதையோ விற்பார்கள் என்று எட்டிப் பார்த்தாள். எங்கிருந்தோ அந்தக் காக்கிச் சட்டைக்காரரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உள்ளே பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"இன்னாக்கா, அப்போ சரக்கு இல்லியா? வெறும் சைடு டிஷ்ஷா? இப்டி ஏமாத்திட்டியேக்கா."

என்னை எதிர்க்க வந்தவர்களுக்கும் ஏமாற்றம், ஆதரிக்க வந்தவருக்கும் ஏமாற்றம். இப்படி ஒரு திறப்பு விழா எந்த வியாபாரிக்கும் வாய்த்திருக்காது.

கூட்டம் கலைந்தபின் பாய் வந்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, தணிந்த குரலில் பேசினார்.

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல தொழுதுட்டு வெளிய வரேன், நாலு பேர் கேக்கிறாங்கம்மா. என்ன பாய், கடைய பிராந்திக் கடைக்கு வுட்டுட்டீங்களான்னு. எங்க வாப்பா காலத்துலேர்ந்து இந்த ரோட்ல இருக்கேன். இப்படி ஒருத்தன் கேட்டதில்ல. நீ நல்ல பொண்ணு, எனக்குத் தெரியும். ஆனா வர்ற வெள்ளிக்கிழமை அந்தப் போர்டு அங்க இருந்தா கடை உனக்கு இல்ல. மன்னிச்சுக்கோ."

வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் மேஜையில் உட்கார்ந்து மை கலக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ்!" என்றேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை தானாகக் கழன்றுவிடும். "எங்கருந்துய்யா புடிச்ச அந்த எழுத்த? உண்மைய சொல்லு. எந்த ஒயின்ஷாப்பு வாசல்ல நின்னு பாத்த?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார். அவர் ஒயின்ஷாப் இருக்கிற தெருவிலேயே நடக்கமாட்டார்; சுற்றிக்கொண்டு போவார். "சத்தியமா இல்லம்மா," என்றார். "உங்க அம்மா வீட்டுல இருந்துதான் எடுத்தேன்."

"எங்க அம்மா ஊட்ல ஏதுய்யா பிராந்தி?"

"பிராந்தி இல்ல. நல்லெண்ணெய். அந்த எண்ணெய் பாட்டில்ல ஒரு பழைய லேபிள் இருக்கே. மறுவீட்டுக்கு வந்தப்பவே பாத்தேன். எவ்வளவு அழகான செரிஃப். ஏதோ பழைய காலத்துச் செக்கு எண்ணெய்க் கம்பெனின்னு நெனச்சேன். நாலஞ்சு எழுத்துதான் மிச்சம் இருந்துது. மத்ததெல்லாம் நானே ஊகிச்சு வரைஞ்சேன்."

அப்போதுதான் எனக்கு அந்த அடுப்படி வாசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. வண்டியை எடுக்கச் சொன்னேன். நேராக அம்பத்தூர் போனோம்.

அம்மா அடுப்படியில் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பாட்டில், நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பாட்டில். கழுத்தில் எண்ணெய் உறிஞ்ச ஒரு துணி, உடம்பெல்லாம் பிசுக்கு. லேபிளின் கீழ்ப்பாதி எப்போதோ உரிந்துபோய், மேலே ஒரு வரி மட்டும் எண்ணெயில் ஊறிக் கரும்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுருண்ட கால், வயிற்றுக் கோடு, பொக்கை, எல்லாம் அப்படியே.

"அத்த, இது எந்தச் செக்குக் கம்பெனி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"செக்கா?" அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தது. "மாப்ளே, அது பிராந்தி மாப்ளே! உங்க மாமனார் வாங்கியாந்தது!"

அவர் பாட்டிலிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஒரு சொட்டுக் குடிக்காமல் ஆறு வருஷம் பிராந்தியிலேயே விழுந்து கிடந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தாளு குடிச்ச பாட்டிலையாம்மா இத்தினி வருஷம் வெச்சிகினு கீற? அதுல எண்ண ஊத்தி எனக்குத் தோச சுட்டுப் போட்டியா?"

"அவரு எங்க குடிச்சாரு? ஒரு சொட்டு வுடல நானு," என்றது அம்மா. "நீ அப்போ கைக்கொழந்த. ஓவர்டைம் துட்டுல பெரிய எடத்து சரக்குன்னு வாங்கியாந்து நடு ஊட்ல வெச்சாரு. கூட்டாளிங்க நாலு பேரு கிளாசோட உக்காந்துகினு கீறானுங்க. ஊட்ல அரிசி இல்ல. எடுத்துகினு போயி பின்னாடி சாக்கடைல மொத்தத்தையும் கவுத்தேன். அவனுங்க பாக்கப் பாக்க. உங்கப்பன் அப்படியே கெளம்பிப் பூட்டாரு, ஒரு வாரம் ஊட்டுப் பக்கம் வரல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பாட்டில் இன்னா பாவம் பண்ணிச்சு? நல்ல கண்ணாடி. மூடி டைட்டா கீது, எறும்பு ஏறாது. கழுவி, ஊட்ல இருந்த நல்லெண்ணெய அதுல ஊத்தி வெச்சேன். பக்கத்தூட்டு மரத்துல உழுந்த மாங்கா பொறுக்கியாந்து மொத மொதோ ஊறுகா போட்டேன். அந்த வாரந்தான் கூடைய எடுத்துகினு எஸ்டேட் கேட்டுக்குப் போனது."

எனக்கு இது தெரியாது. அம்மா ஊறுகாய் விற்றது தெரியும், எந்த நாளில் ஆரம்பித்தது என்று கேட்டதே இல்லை.

"லேபில ஏம்மா கிழிக்காம வுட்ட?"

"வேணும்னேதான் வுட்டேன். தெனம் எண்ண ஊத்தறப்போ அதப் பாப்பேன். பாத்தியாய்யா, உன் சரக்கக் கொட்டிட்டு என் சரக்க வெச்சிகினேன்னு அவராண்ட சொல்ற மாதிரி இருக்கும்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. சிரித்த கண்ணீரா, மற்றதா, தெரியவில்லை. "அந்தாளு எனக்குக் குடுத்ததுல உருப்படியானது நீயும் அந்த பாட்டிலும்தான்."

"போர்டு மாட்டன அன்னிக்கே உனக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

"மாப்ள ஆசயா வரஞ்சிகிறாரு. அதுமில்லாம, அந்த எழுத்துக்குக் கீழ உன் கட. எனக்கு நல்லா இருந்திச்சு, வுட்டுட்டேன்."

நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா செத்தபோது நான் அழவில்லை. செத்தும் அந்த ஆளை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்குத்தான் திட்டாமல் நினைத்தேன். என் வீட்டுக்காரர் பாட்டிலுக்கும் எனக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் கடை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போர்டு இறங்கவேண்டும். பாயின் பேச்சில் தப்பே இல்லை. அவர் கௌரவத்தை என் சுவரில் மாட்டி நான் கெடுக்க முடியாது. திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, திருப்புளியோடு ஏணியில் ஏறினார். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, போர்டைக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு வருஷத்தில் அந்த எழுத்து வெளியுலகத்தைப் பார்த்தது ஒரு வாரம்கூட முழுசாக இல்லை.

"அதக் குடுங்க," என்றேன். வாங்கி உள்ளே கொண்டுபோய், கல்லாவுக்குப் பின்னால் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். "உள்ள வந்து ஊறுகா வாங்கறவங்க பாக்கட்டும். அப்புறம், பாட்டிலுக்கு லேபிள் வேணும் எனக்கு. இதே எழுத்துல. எத்தினி நாள்ல வரஞ்சி குடுப்பீங்க?"

மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "தமிழ்லயா?"

"தமிழ்லதான். அந்த 'கூ'வ விட்டுத் தொலைங்க. ஊறுகாக்கு அது தேவையில்ல."

வெளியே பாயின் விருப்பப்படி ஃபிளெக்ஸ் பேனர். சிவப்பும் மஞ்சளுமாகக் கொட்டை எழுத்தில் ஊறுகாய், பக்கத்தில் எருமை மாடு சைஸுக்கு ஒரு மாங்காய். அதையும் என் வீட்டுக்காரர்தான் செய்து கொடுத்தார், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. வெள்ளிக்கிழமை பாய்தான் முதல் வியாபாரம். உள்ளே வந்து சுவரைப் பார்த்து, "இங்க இருக்கட்டும். எழுத்து என்னமோ அழகாத்தான் இருக்கு" என்றார். காக்கிச் சட்டைக்காரர் எலுமிச்சை வாங்கினார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. செயலாளர் அக்கா பத்துப் பேரோடு வந்தார். இந்த முறை ஒலிபெருக்கி இல்லை.

கடை காலூன்றி நின்றுவிட்டது. சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

இந்த நவராத்திரிக்குச் செயலாளர் அக்கா வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். சுண்டல் தாளிக்க ஒத்தாசைக்கு அடுப்படிக்குள் போனேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு பாட்டில். கழுத்தில் துணி, உள்ளே நல்லெண்ணெய். லேபிளின் கீழ்ப்பாதி உரிந்துபோய், மேலே ஒரு வரி மட்டும் எண்ணெயில் ஊறி நின்றது. என்னுடைய ஊறுகாய் பாட்டில்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "ஊறுகாய் தீர்ந்துமே பாட்டிலை வீசறதுக்கு மனசு வரலீங்க. மூடி அத்தனை டைட்டா இருக்குது, எறும்பே ஏறமாட்டேங்குது."

மதுக்கடையை மூடச்சொல்லி என் கூடக் கத்தின அக்கா. அவர் அடுப்படியில் எங்கள் அப்பாவுடைய பிராந்தி எழுத்து. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"பத்திரமா வெச்சிக்கோங்கக்கா," என்றேன். "லேபிளை மட்டும் கிழிச்சிடாதீங்க."